ஏழு பேருக்கும் ஒரே விலாசம்

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வக்கீல் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். வக்கீல் இல்லை, மதுரைக்குப் போயிருந்தார். சாவி வைத்திருந்த அவருடைய குமாஸ்தா இருந்தார். மற்ற ஏழு பேரும் ராஜபாளையத்துக்கு வெளியே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ஜின்னிங் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்து, பஞ்சை அமுக்கிப் பேலாகக் கட்டி ரயிலேற்றுகிற இடம் அது. பிரஸ்ஸில் பஞ்சை அமுக்குகிற கூமாப்பட்டிக்காரர் வந்திருந்தார், எங்களில் வயதில் மூத்தவர். இரண்டாம் நம்பர் ஜின்னுக்குப் பருத்தி போடுகிற அக்கா ஒருவர். கணவரை இழந்தவர், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிறிஸ்தவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவர். பேல் தூக்குகிற தளவாய்புரத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். மெஷினுக்கு எண்ணெய் விடுகிற ஆயில்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கொட்டை அள்ளுகிற ஒருவர், உட்கார்ந்த நேரமெல்லாம் தும்மிக்கொண்டிருந்தார். அப்புறம் நான்.

பிற்காலத்தில் அங்கே தாங்களும் இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். இருந்த ஒருவர் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். எட்டுப் பேர்தான். நான் அன்றைக்கே இரண்டு தடவை எண்ணினேன்.

நான் கையெழுத்துப் போடப் போகவில்லை, எழுதத்தான் போனேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் ஃபேக்டரியில் என் வேலை எழுத்து வேலை. கட்டி முடித்த பேலின் சாக்கு மேல் நம்பரையும், ஃபேக்டரியின் பெயரையும், ஊரையும் கறுப்பு மையால் இங்கிலீஷில் போடுவேன். முதலில் எழுத்து வெட்டிய தகடு ஒன்றை வைத்து மை தடவினேன். தகடு தேய்ந்து போனபின் கையாலேயே எழுதினேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் அதை மறுத்ததில்லை. ராஜபாளையத்தில் ரயில் பாதை ஓரமாக ஒரு ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தவன் நான். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னைப் பற்றி ஊர் நல்லதாகப் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

பெல்ட் அறுந்தால் ஜின்னில் நிற்கும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அன்றைய கூலி கிடையாது. பேலைச் சுற்றிய இரும்புப் பட்டை தெறித்தால் பிரஸ்காரர் கூலியில் பிடிப்பார்கள். தனியாகப் போய் ஏன் என்று கேட்டவருக்கு மறுநாள் வேலை இருக்காது. சேர்ந்து கேட்டால்? அதற்குத்தான் குமாஸ்தாவிடம் வந்திருந்தோம்.

"ஏழு பேர் போதும்யா," என்றார் குமாஸ்தா. "சட்டம் இருக்கு. ஏழு பேர் கையெழுத்துப் போட்டு, விதிகளையும் சேர்த்து மெட்ராசுக்கு அனுப்பினா, எல்லாம் ஒழுங்கா இருக்கிற பட்சத்துல சங்கத்தை ரிஜிஸ்தர் பண்ணித்தான் ஆகணும்."

என்னை விட்டு எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்தான் இருந்தார்கள். வருவதாகச் சொன்ன ஏழாவது ஆள் வரவில்லை. எல்லாரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏலே, நீதான் இருக்கியே," என்றார் அக்கா.

"நான் எழுத வந்தவங்க்கா."

"எழுத வந்தவனுக்குக் கை இல்லையா? அந்தக் கையாலேயே ஒரு கையெழுத்தையும் போட்டுரு."

தளவாய்புரத்துக்காரர்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெயர். குலசாமி பெயர், பெரியவன், சின்னவன் என்று சேர்த்துக் கூப்பிடுவதுதான் வித்தியாசம். "ரெண்டு பேரும் ஒரே பேரா? மெட்ராஸ்ல ஒத்த ஆளுன்னுல்லய்யா நெனைப்பான்," என்றார் குமாஸ்தா. "அப்பம் கூலியவும் ஒருத்தனுக்குத்தான் குடுப்பாகளோ?" என்று பெரியவன் கேட்டான். ஆயில்காரர் அடக்க முடியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேனா, தெரியவில்லை.

வெளியாள் ஒருவர் தலைவராக இருக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பதால் குமாஸ்தா தலைவர் ஆனார். எழுதத் தெரிந்தவன் செக்ரட்டரி. அதாவது நான். சங்கத்துக்கு ஆபீஸ் விலாசம் வேண்டும் என்றபோதுதான் பேச்சு நின்றது. யாருடைய வீட்டை எழுதுவது? கொட்டை அள்ளுகிறவர் தும்மக்கூட மறந்துவிட்டார்.

"என் வீட்டைப் போடுங்க," என்றார் அக்கா. "வாரவன் என்னத்தத் தூக்கிட்டுப் போயிருவான்? ரெண்டு பானைதான் கெடக்கு."

அந்த நேரத்தில் வத்திராயிருப்பிலிருந்து வக்கீலின் கட்சிக்காரர் ஒருவர் மூச்சிறைக்க வந்தார். அவருடைய மச்சானைப் போலீஸ் பிடித்துவிட்டதாம். குமாஸ்தா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மெட்ராசுக்குப் போக வேண்டிய விண்ணப்பப் பாரம் இங்கிலீஷில் இருந்தது. பெயர், வயது, தொழில் எல்லாம் அவரே நிரப்பியிருந்தார். "தம்பி, விலாசம் மட்டும்தான் பாக்கி. எழுதித் தபால்ல சேத்துரு. ஒனக்குத்தான் இங்கிலீஷ் வருமே," என்று சொல்லி, சாவியை ஜன்னலில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அறையில் நானும் கேஸ் கட்டுகளும்தான்.

அக்காவின் தெருப் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. எந்த எழுத்தில் தொடங்கும் என்றுகூடத் தெரியாது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் பாரத்தைக் காட்ட வேண்டும், ஏழு பெயரையும் அவர் படித்துவிடுவார். அது ஒரு காரணம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது வெளியாகிவிடும் என்பதும் ஒரு காரணம். எது பெரிய காரணம் என்று இத்தனை வருஷம் யோசித்தும் முடிவாகவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் விலாசம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அதை ஆயிரக்கணக்கான பேல்களில் எழுதியிருக்கிறேன். தப்பில்லாமல் எழுதுவேன். அந்த விலாசத்துக்குப் போட்டால் கடிதம் நிச்சயம் வந்து சேரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு பேர் பெயருக்கு எதிரிலும் ஃபேக்டரியின் பெயர், ராஜபாளையம். சங்கத்தின் ஆபீஸ் என்ற இடத்திலும் ஃபேக்டரியின் பெயர், ராஜபாளையம். எழுத்து அழகாக விழுந்தது.

தபால் பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் நான் செய்தது என்ன என்று உறைத்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. எதிரே வெள்ளரிப்பிஞ்சு விற்ற பெண்பிள்ளை, "என்னய்யா, தேள் புடிக்கியா?" என்று கேட்டாள். ரயிலுக்கு நேரமாகும் வரை பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். மறுநாளாவது குமாஸ்தாவிடம் சொல்லியிருக்கலாம், இன்னொரு கடிதம் எழுதி மாற்றியிருப்பார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மாசி போய்ப் பங்குனியும் போனது. பாரம் தொலைந்து போயிருக்கும் என்று நினைக்கத் தொடங்கினேன். அப்படி நினைத்த இரவுகளில் நன்றாகத் தூங்கினேன்.

சித்திரையில் அந்த உறை வந்தது.

எங்கள் ஃபேக்டரியில் தபால் விஷயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை செய்கிறவர்களுக்கு வரும் கடிதங்களை டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு பலகைத் தட்டில் செருகி வைப்பார்கள். எடுக்கிறவர் அங்கேயே ஒரு நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். முன்பு ஒருமுறை யாருடைய கடிதத்தையோ யாரோ எடுத்துப் போய்ச் சண்டை வந்ததிலிருந்து அப்படி.

நீளமான பழுப்பு உறை, சர்க்கார் முத்திரை. பெயர் எதுவும் இல்லை. செக்ரட்டரி என்று மட்டும் டைப் அடித்து, கீழே எங்கள் விலாசம். டைம் கீப்பர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எவம்லே இங்க செக்ரட்டரி? சொல்லவே இல்லையே! சொல்லியிருந்தா நாற்காலி போட்டிருப்பேன்ல?" என்று கத்தினார். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் அந்த உறை தட்டிலேயே இருந்தது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதைக் கடந்துதான் போக வேண்டும். மூன்றாம் நாள் காலையில் டைம் கீப்பர் சொன்னார்: "மத்தியானச் சங்குக்குள்ள ஆள் வரலேன்னா மேனேஜர் ஐயா பிரிச்சிருவாரு."

பிரித்தால் ஏழு பேர் பெயரும் தெரிந்துவிடும் என்று பயந்தோம். ஏழு பேரும் அன்றைக்கே வெளியே.

கொட்டைக் கிடங்குக்குப் பின்னால் நாலைந்து பேர் கூடினோம். அக்காவின் புருவமெல்லாம் பஞ்சு. "நான் என் வீட்டு விலாசந்தானே போடச் சொன்னேன்? இங்க எப்படிலே வந்துச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தபால்காரன் மாத்திக் குடுத்திருப்பாங்க்கா," என்றேன்.

அக்கா என் முகத்தையே செத்த நேரம் பார்த்தார். பிறகு புருவத்துப் பஞ்சைத் துடைத்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஒருத்தன் போய் அதை எடுத்துட்டா அவனோட போச்சு. பிரிச்சாத்தான எல்லாருக்கும் வெனை," என்றார் ஆயில்காரர். யார் அந்த ஒருத்தன் என்று அவர் சொல்லவில்லை. செக்ரட்டரி யார் என்று எல்லாருக்கும் தெரியும். என் கால் நகரவில்லை. நகர்த்த நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நினைத்தேனா என்பதும் நிச்சயமில்லை.

பிரஸ்காரர் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் போறேன். எனக்கு ஊர்ல தண்ணி பாய்ச்ச ஒரு குறுக்கம் நிலமாவது இருக்கு. உங்களுக்கு என்னலே இருக்கு?"

"அண்ணாச்சி, நீங்க படிக்கத் தெரியாதவுக. செக்ரட்டரின்னு சொன்னா நம்புவானா?" என்றான் சின்னவன்.

"நம்பாட்டி அவன் தலையெழுத்து. படிச்சவன்தான் செக்ரட்டரியா இருக்கணும்னா இங்க எவன் இருக்கான்?" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

ஜன்னலில் நின்று, "என் கடுதாசியக் குடுங்க," என்றார். நோட்டில் கட்டைவிரலை அழுத்தினார். உறையை மடித்து மடியில் செருகிக்கொண்டு மறுபடியும் பிரஸ்ஸுக்கு வந்து வேலையைத் தொடர்ந்தார். நான் எழுத வேண்டிய பேல் ஒன்று அவர் காலடியில் கிடந்தது. நான் குனிந்து அதில் நம்பரைப் போட்டேன். மாலைச் சங்கு ஊதும் முன்பே அவரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அதுவரை வேலை பார்த்த நாட்களின் கூலி? அதையும் கொடுக்கவில்லை. கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

உறையைக் குமாஸ்தா பிரித்துப் பார்த்தார். சங்கம் பதிவாகிவிட்டது என்ற சான்றிதழ் அது. நல்ல கெட்டித் தாள். குமாஸ்தா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். பாரத்தின் நகலை வரவழைத்து, விலாசத்தை யார் எழுதியது என்றெல்லாம் யாரும் தேடவில்லை.

"சங்கம் வச்சதுக்காக ஆளை நிறுத்தினா சட்டம் சும்மா விடுமா?" என்று அக்கா அவரிடம் கேட்டார்.

"சங்கம் வைக்கலாம்னு சொல்லுதும்மா. வச்சவனை நிறுத்தக் கூடாதுன்னு எந்த இடத்திலயும் சொல்லல. முதலாளி நம்ம கூட உக்காந்து பேசித்தான் ஆகணும்னும் சொல்லல."

"பொறவு எதுக்கு அந்தச் சட்டம்?"

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூலிக்கு வேறொரு சட்டம் புதிதாக வந்திருக்கிறது என்றார். நிறுத்தப்பட்டவருக்கு இரண்டு நாளில் கூலியைத் தீர்த்துவிட வேண்டும். தராவிட்டால் ஆறு மாதத்துக்குள் மனுப் போடலாம். அவரே வரவேண்டியதில்லை. அவர் எழுதிக் கொடுத்தால், பதிவான சங்கத்தின் ஆள் ஒருவர் அவருக்காக மனுப் போடலாம். "அதுக்குத்தான் இந்தக் காயிதம் பிரயோசனம்," என்று சான்றிதழைத் தட்டிக் காட்டிவிட்டு, "செக்ரட்டரிதான் போடணும்," என்றார்.

என் பெயரில். ஃபேக்டரிக்கு நோட்டீஸ் போகும்.

சீசன் முடியட்டும் என்று சொன்னேன். ஆடியில் ஃபேக்டரியைச் சாத்துவார்கள், அதற்குப் பிறகு போட்டால் என்ன என்று எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது. அந்த இரண்டு மூன்று மாதமும் பிரஸ்ஸில் புது ஆள் நின்றான். நான் பக்கத்தில் போனால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவதுபோல் இருந்தது. நிறுத்தினார்களா, எனக்கு அப்படிப் பட்டதா, சொல்லத் தெரியவில்லை. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு பேல் அடுக்குக்கு அந்தப் பக்கம் போய்த் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். ஒருநாள் அக்கா எட்டிப் பார்த்து, "ஏலே, ஊறுகாய் வேணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அந்த வாரத்தில் வேலை சம்பந்தமில்லாமல் என்னிடம் யாரும் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

ஆடிக் கடைசியில் கூமாப்பட்டிக்குப் போனேன். வத்திராயிருப்பு வரை பஸ், அதற்குப் பிறகு நடை. மலைப் பக்கம் மழை கறுத்திருந்தது. பிரஸ்காரர் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றி, "என்னலே, இம்புட்டுத் தூரம்? செக்ரட்டரி வேலை கழுத்தைப் புடிக்குதோ?" என்றார்.

சிரிப்பதற்குப் பதிலாக நான் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, விலாசத்த மாத்திப் போட்டது தபால்காரன் இல்ல. நான்தான்."

"தெரியும்லே."

அவர் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றை வழித்தார். அவரே சொன்னார்: "தட்டுல பாத்த அன்னைக்கே தெரியும். எனக்கு எழுத்துத் தெரியாதுதான். ஆனா நான் அமுக்கின பேல் மேலதான நீ அந்த எழுத்தப் போடுதே? எந்த எழுத்து வளையும், எதுக்கு ரெண்டு கால்னு எனக்குத் தெரியாதா? அந்த உறை மேலயும் அதே வரிசைல நின்னுச்சு. சரி, பய தெரிஞ்சதை எழுதிட்டான்னு நெனச்சேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா ஒன்னைய அடிப்பானுக. அதுல எனக்கு என்ன வருது?"

தனக்காக மனுப் போட எனக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில் கைநாட்டு வைத்தார். விரலில் இருந்த சேறும் மையோடு சேர்ந்து பதிந்தது. கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

அந்தத் தாளைத் தகரப் பெட்டியில் வைத்தேன். மழை வந்தது. அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கிறவர்கள் முன்கூட்டியே பேர் எழுதிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டேன். பேர் எழுதின பிறகு மனுவைப் போடலாம் என்று நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் அக்காவைப் பார்த்தபோது, "மனு போட்டியாலே?" என்றார். "போட்டாச்சுக்கா," என்றேன். அன்றைக்கு ராத்திரி பெட்டியைத் திறந்து தாள் இருக்கிறதா என்று பார்த்தேன். மறுநாள் ராத்திரியும் பார்த்தேன். சொன்னதை நிஜமாக்கிவிட வேண்டும் என்று கடைசியில் கொட்டும் மழையில் குமாஸ்தாவிடம் போனபோது ஐப்பசி முடிந்துவிட்டது.

அவர் விரலை மடக்கி எண்ணினார். "பதினோரு நாள் தாண்டிருச்சேய்யா."

தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் மனுவை விசாரிக்கும் அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம் என்றார். "ஒடம்பு சரியில்லன்னு எழுதட்டுமா? மலேரியான்னு போடுவோம்."

எனக்கு என்னவோ அதற்கு மனம் வரவில்லை. அக்காவிடம் சொன்ன இரண்டு பொய்யே போதும் என்றிருந்தது. மதுரையில் அதிகாரி முன்னால் நின்றேன். ஃபேக்டரி தரப்பில் டைம் கீப்பர் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் வாய் பிளந்தது. "அடப்பாவி, நீதானா அந்த செக்ரட்டரி?" என்று பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். திட்டுவதுபோல் இல்லை. பரிதாபப்படுவதுபோல் இருந்தது.

அதிகாரி கண்ணியமானவர். "ஏன் இத்தனை தாமதம்?" என்று தமிழிலேயே கேட்டார்.

"பயமா இருந்துச்சுங்கய்யா."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எடுத்து எழுதினார். தக்க காரணம் இல்லை என்று மனு தள்ளுபடியானது.

அடுத்த சீசனுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து கடைப் பலகைகளும் வண்டிப் பலகைகளும் எழுதிப் பிழைத்தேன். தமிழில் எழுதுகிற வேலைதான் அதிகம் வந்தது. என் சேமிப்பிலிருந்து அந்தக் கூலிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை மறுபடியும் கூமாப்பட்டிக்குப் போனேன். பிரஸ்காரர் தொடவில்லை.

"நீ எதுக்குலே தாரே? ஓங்கிட்டயா நான் வேலை பாத்தேன்?"

"அண்ணாச்சி, என்னாலதானே..."

"எவன்கிட்ட வேலை பாத்தேனோ அவன்தான் தரணும். நீ குடுத்தா அவன் குடுத்த மாதிரி ஆயிருமா? எடுத்துட்டுப் போ."

சங்கம் என்னவோ காகிதத்தில் இருந்துகொண்டே இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மெட்ராசுக்கு ரிட்டர்ன் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுப்பினர் எத்தனை, வரவு என்ன, செலவு என்ன என்று கட்டம் கட்டமாக ஒரு பாரம். முதல் வருஷம் குமாஸ்தாவோடு உட்கார்ந்து நிரப்பினேன். அண்ணன் தம்பி இருவரும் மில் வேலைக்குப் போனார்கள், அங்கே வேறு சங்கம். ஆயில்காரர் விலகிக்கொண்டார். கொட்டை அள்ளுகிறவர் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார். உலகச் சண்டை தொடங்கியபின் அக்கா, பட்டாளத்தில் சேர்ந்த மகனுடைய குடும்பத்தோடு வெளியூர் போனார். போகும்போது சந்தா நாலணாவை என் கையில் வைத்து, "ரசீது வேணாம்லே," என்றார். உறுப்பினர் என்ற கட்டத்தில் ஏழு, நாலு, இரண்டு என்று எழுதிக்கொண்டே வந்தேன். சண்டை முடிந்த வருஷம் பிரஸ்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.

வரவேண்டிய பாக்கி என்றும் ஒரு கட்டம் உண்டு. ஃபேக்டரிக்கு வருஷம் ஒரு கடிதம் போடுவேன், பதில் வராது. அந்தத் தொகையைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதுவேன். "அது சங்கத்துக் காசு இல்லய்யா, அவர் காசு. அங்க எழுதக் கூடாது," என்று குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் சொல்வார். வேறு எங்கே எழுதுவது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. அந்த வருஷமும் எழுதினேன்: பிரஸ் ஆள் ஒருவருக்குத் தரவேண்டிய கூலி, பத்தொன்பது நாள், நாள் ஒன்றுக்கு ஏழணா வீதம், எட்டு ரூபாய் ஐந்தணா.